குலசேகரத்து அம்பாசடர்: பழையபடி விடுவதா, புதுமையாக்குவதா? ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் குடும்பமும்

இந்த ஆய்வில் வரும் வண்டி 1971ஆம் ஆண்டு பதிவான அம்பாசடர் மார்க் 2. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தைத் தழுவி இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங் தண்டில் கியர், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், முன்னும் பின்னும் பெஞ்சு போன்ற நீள இருக்கை. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு அருகே சிறிய ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒருவர் 1984இல் இதை இரண்டாம் கையாக வாங்கி, கண்பார்வை குறையும்வரை 27 ஆண்டுகள் ஓட்டினார். 2011இல் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையின் ஒரு பக்கத்தில் நிறுத்தி, மழையும் தூசியும் படாதிருக்க பிளாஸ்டிக் படுதாவால் மூடிக் கட்டினார். 2016இல் அவர் காலமானார். அதன்பின் ஆறு ஆண்டுகள் அந்தப் படுதாவை யாரும் அவிழ்க்கவில்லை.

2022 ஜூனில் அவருடைய பிள்ளைகள் மூவரும் வண்டியை மீண்டும் ஓடவைப்பது என்று முடிவெடுத்து, மார்த்தாண்டம் பகுதியில் பழைய வண்டி வேலைகளை மேற்பார்வை செய்துவரும் என்னை அழைத்தார்கள். ஓடவைப்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி ஓடவைப்பது என்பதில்தான் இருந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மூத்தவர், 1992 முதல் அதே நிறுவனம் அம்பாசடரில் பொருத்திவந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் இறக்கி, தரையில் கியர், தனித்தனி இருக்கை, பவர் ஸ்டியரிங், ஏசி எல்லாம் வைக்க விரும்பினார். செலவைத் தானே ஏற்பதாகவும் சொன்னார். மார்த்தாண்டத்தில் வங்கி ஊழியரான இளையவர் ஒரு திருகாணிகூட மாறக் கூடாது என்றார். திருவனந்தபுரத்தில் ஆசிரியையாக இருக்கும் மகளின் கவலை ஒன்றே: 79 வயதான தாயார் ஞாயிறுதோறும் ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேவாலயத்துக்கும், எப்போதாவது நாகர்கோவிலில் மருத்துவரிடமும் அந்த வண்டியில் போய்வர வேண்டும்.

இந்தக் கடைசிக் கவலையை முதல் கூட்டத்தில் நான் போதிய அளவு காதில் வாங்கவில்லை. அதன் விலையைப் பின்னால் கொடுத்தோம்.

படுதாவை அவிழ்த்தபோது கண்டவை

வண்டியைப் பார்க்காமல் எந்த முடிவும் வேண்டாம் என்று சொல்லி இரண்டு வாரம் கேட்டு வாங்கினேன். வெளித்தோற்றம் நம்பிக்கை அளித்தது. பெயிண்ட் மங்கியிருந்ததே தவிர உரியவில்லை. கதவுகள் நன்றாகவே அடைந்தன. பின் இருக்கையைத் தூக்கியபோது எலி கொறித்துப்போட்ட ரப்பர் விதை ஓடுகள் இரண்டு கை நிறைய அள்ளும்படி கிடந்தன. அவற்றுக்குக் கீழே தரைத் தகடு ஈரமாகவே இருந்தது. மழை படாமல் காத்த படுதா, தரையிலிருந்து எழும் ஈரத்தையும் வெளியே விடாமல் பதினொரு ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தது. இரண்டு மழைக்காலங்களையும் பெறும் இந்த மாவட்டத்தில், காற்றோட்டமில்லாத மூடுதுணி வண்டியை வேகவைக்கும் பாத்திரம் போன்றது.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வண்டி நெடுகிலும் வைத்துப் பார்த்தேன். கூரை, கதவு, டிக்கி மூடி எல்லாவற்றிலும் பிடித்த காந்தம், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில், இடது பக்கம் பின்கதவுக்கு நேராக வைத்தபோது வழுக்கிக் கீழே விழுந்தது. சுரண்டியதும் அரை அங்குலக் கனத்துக்குப் பட்டி உதிர்ந்தது. அதன் பின்னால் தகடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, வெங்காயச் சருகு போல் அடுக்கடுக்காகத் துரு மட்டும். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலக் கேன்கள் அந்தப் பக்கத்தில்தான் பல ஆண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன என்று இளையவர் பிறகு சொன்னார். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட மோசமாக இருந்ததற்கு அதுவும் காரணம் என்பது என் ஊகம்.

அம்பாசடருக்கு லாரிபோலத் தனி அடிச்சட்டம் (சேஸி) கிடையாது. உடலே அடிச்சட்டமாக இருந்து எடையைத் தாங்குகிறது. ஆகவே பெட்டித் தகடு இற்றுப்போனால் அது அழகுக் குறை அல்ல, எலும்பு முறிவு. எந்த இன்ஜினை வைத்தாலும் முதல் பணம் அங்கேதான் போக வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று. பழையதைவிட வலுக்கூடிய இன்ஜினை அந்த உடலின் மேல் ஏற்றுவது பற்றிய என் தயக்கமும் அன்றுதான் தொடங்கியது.

இன்ஜின், அஞ்சியதைவிட நல்ல நிலையில் இருந்தது. சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தபின் கைப்பிடியால் சுற்ற முடிந்தது. ராக்கர் மூடியைத் திறந்து, வால்வு முழுவதும் மூடுவதற்காக விடப்படும் டாப்பெட் இடைவெளியை அளந்தபோது, இரண்டு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுகளில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய இலைகூட நுழையவில்லை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இவ்வகைப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் (வால்வுகள் அமரும் இன்ஜினின் மேற்பகுதி) வால்வு இருக்கைக்குத் தனி வளையம் கிடையாது. ஈயம் தந்துவந்த பூச்சுக் காப்பும் போனபின் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையை மெல்ல மெல்லத் தின்று உள்ளே இறங்குகிறது, இடைவெளி அடைகிறது. பெரியவர் கடைசிப் பதினோரு ஆண்டுகள் ஓட்டியது ஈயம் இல்லாத பெட்ரோலில்தான்.

எந்த ‘ஒரிஜினல்’?

இளையவரின் நிலைப்பாட்டை அசைத்தது, கதவுத் தூணின் உட்பக்கத்தில் நான் கைவிரல் நகத்தளவு தேய்த்துக் காட்டிய ஓர் இடம். மேலே வெள்ளை, அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை, அதற்குக் கீழே வெளிர் சாம்பல், பிறகு செம்மண் நிறப் பிரைமர். அவர் பிறந்ததிலிருந்து பார்த்த வெள்ளை, ஆலையிலிருந்து வந்த நிறமே அல்ல. அதுபோலவே இருக்கை உறை 1990களில் மார்த்தாண்டத்தில் தைத்தது. ஹாரன் வேறு வண்டியுடையது. டேஷ்போர்டின் மேல் இருந்த சிறிய மின்விசிறி தந்தை தாமே பொருத்தியது.

ஆலை அனுப்பிய வண்டிக்குத் திரும்புவதானால் தந்தையின் விசிறியைக் கழற்றிச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். தந்தையின் வண்டியைக் காப்பதானால் அதை ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது. இரண்டும் நியாயமான விருப்பங்களே, ஆனால் வெவ்வேறானவை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் சண்டையிடுவதைப் பார்த்திருக்கிறேன். இளையவர் ஒரு வாரம் யோசித்து, தமக்கு வேண்டியது தந்தையின் வண்டி என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது

மூத்தவரின் திட்டத்துக்கு வேறு வகையான தடை இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜினை மாற்றுவதானால் பதிவு அலுவலகத்தின் முன் ஒப்புதல் வேண்டும். வேலை முடித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூத்தவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். விபத்து ஒன்று நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்த ஒப்புதலைத்தான் என்று விளக்கியபோது அவர் அதை மறுக்கவில்லை.

இளையவரோ 2021 ஜூலையில் வந்த பழமை வாகன விதிகளைப் பற்றிக் கேட்டார். 50 ஆண்டுகளைத் தாண்டிய, அடிச்சட்டம், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் காணாத சொந்த உபயோக வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் தரப்படுகிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. வயதுக் கணக்கில் இந்த வண்டி தகுதி பெற்றிருந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் காட்சிக்கும், பழைய வண்டிப் பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும், ஆய்வுக்கும் தவிர வழக்கமாகச் சாலையில் ஓட்டக் கூடாது. தாயாரை ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்வது அந்தப் பட்டியலில் வராது. மரியாதைக்குரிய அந்தப் பதிவெண், வண்டியை எதற்காக மீட்கிறார்களோ அந்தக் காரியத்தையே தடுத்துவிடும். ஆகவே சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது என்று தீர்மானித்தோம்.

தாயாரின் சோதனை

ஆகஸ்ட் மாதம் மூத்தவர் விடுப்பில் வந்திருந்தபோது எல்லோரும் கொட்டகையில் கூடினோம். பேச்சு இருக்கையில் வந்து நின்றது. தரையில் கியர் வந்தால் முன்பெஞ்சு போய்த் தனி இருக்கைகள் வர வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, தாயார் கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டு முன்கதவைத் திறந்து தாமாகவே ஏறி அமர்ந்து, வலியுள்ள வலது முழங்காலைப் பெஞ்சின் நீளத்துக்குச் சற்றுச் சாய்த்து நீட்டிக்கொண்டார். “இதுல ஏறி எறங்க எளுப்பமாட்டு இருக்கு மக்கா. ஒனக்க வண்டியிலதான் குழிக்குள்ள எறங்குனது மாதிரி இருக்கு” என்று இளைய மகனிடம் சொன்னார். இளையவரின் புதிய சிறு காரிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்ததை அதற்கு முந்தைய வாரம்தான் நான் பார்த்திருந்தேன்.

அம்பாசடரின் இருக்கை நாற்காலி உயரத்தில் இருக்கிறது. முன்னால் நடுவில் கியர் இல்லாததால் கால் வைக்கத் தடையில்லை. இது தற்செயலான வசதிதான். ஆனாலும் இந்தப் பயணிக்கு அதைவிடப் பயனுள்ள வசதி புதுமையாக்குவதால் வந்துவிடப் போவதில்லை. மூத்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தரைக் கியரைக் கைவிட்டார். ஐந்து கியர் பெட்டி இல்லாமல் இசுசு இன்ஜின் இறக்குவதில் பொருளில்லை என்பதால் அதுவும் போயிற்று. ஏசியை மட்டும் அவர் விடவில்லை. பழைய இன்ஜினின் வலுவிலும் ரேடியேட்டரின் அளவிலும் அதற்கு இடமில்லை என்று நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார்; ஒப்புக்கொண்டார் என்று எழுத முடியாது.

எடுத்த முடிவுகள்

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டோம். இதைப் பின்னாளில் ஒரு ஸ்பேனரால் கழற்றிப் பழைய பாகத்தை மாட்ட முடியுமா? முடியாதென்றால், வெட்டாமல் விடுவதால் யாருக்காவது ஆபத்து உண்டா?

இதன்படி இன்ஜின், கியர், பெஞ்சு இருக்கை, வெள்ளை நிறம், விசிறி ஆகியவை நின்றன. ஹெட்டில் கடினப்படுத்திய வால்வு இருக்கை வளையங்கள் இறக்குவது கழற்றக்கூடிய வேலை அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது, இன்றைய பெட்ரோலுக்கு அவசியமானது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்தோம். மழையிரவில் வைப்பரும் விளக்கும் சேர்ந்து ஓடும்போது, நெரிசலில் நின்று நின்று போகும் வண்டியின் டைனமோவால் பேட்டரிக்கு ஈடுகொடுக்க முடியாது. பழைய டைனமோ துடைத்துப் பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. முன்னிருக்கைக்கு இடுப்புப் பெல்ட், தரைத் தகட்டுக்கு அடியில் வலுத்தகடு கொடுத்துப் பொருத்தப்பட்டது.

பிரேக்கில் நான் எடுத்த முடிவுதான் தவறியது. பின்னாளைய அம்பாசடர்களில் வந்த முன்சக்கர டிஸ்க் பிரேக்கையும், மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டரையும் வைக்கலாமா என்று இளையவரே கேட்டார். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டிக்குப் புது சிலிண்டர், புதுக் குழாய், புது லைனிங்குடன் கூடிய டிரம் போதும் என்று சொன்னது நான். அப்போது அதை நிதானம் என்று நினைத்தேன். இப்போது திரும்பிப் பார்க்கும்போது, அதுவரை இவ்வளவு பழையவற்றைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் இதையும் காப்பாற்ற விரும்பினேன் என்றே தோன்றுகிறது.

வேலை நடந்த விதம்

2022 செப்டம்பரில் தொடங்கிய வேலை 2023 மார்ச்சில் முடிந்தது. பெட்டித் தகடு வேலையே அதில் பாதி நாளை எடுத்துக்கொண்டது. முதலில் கதவுகளைக் கழற்றி, ஒவ்வொரு கதவு வாயிலுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து உடலின் வடிவத்தைக் கட்டிப்போட்டோம். இல்லாவிட்டால் தகட்டை வெட்டியதும் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் அடையாது. ஒரு பக்கத்தை வெட்டி, 18 கேஜ் தகட்டை மடித்துப் புதுப் பெட்டி செய்து பற்றவைத்து, கதவை மாட்டி இடைவெளி சரிபார்த்த பிறகே மறுபக்கத்தில் கைவைத்தோம். டிங்கர் வேலை பார்த்தவர் அறுபதைக் கடந்தவர். ஃபைபரும் பட்டியும் வைத்து நான்கு நாளில் முடித்துத் தருகிறேன் என்று வேறொருவர் கேட்ட தொகை, இவர் கேட்டதில் கால் பங்குதான். உள்ளே மெழுகுக் காப்பு தெளித்து, அடியில் நீர் வடியும் துளைகளைத் திறந்து வைத்தோம். முன்பு யாரோ அந்தத் துளைகளைப் பட்டியால் அடைத்திருந்தார்கள்.

இன்ஜினின் சிலிண்டர்களை லேத் பட்டறையில் ஒரு சுற்றுப் பெரிதாகக் குடைந்தோம்; அதற்கான பிஸ்டன் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தது. கிராங்கின் (இன்ஜினின் சுழல்தண்டு) பின்முனையில் இந்த இன்ஜினுக்கு ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகுக் கீறல் மட்டுமே உண்டு. ஆகவே கொட்டகைத் தரையில் இன்றும் நாளுக்கு இரண்டு சொட்டு விழுகிறது. அதைக் குறையாகக் கணக்கிடவில்லை.

டிக்கியின் உட்புறத்தில் உள்ளங்கை அளவு இடத்தைப் புதுப் பெயிண்ட் படாமல் விட்டு, வெள்ளை, வெள்ளை, சாம்பல், செம்மண் என நான்கு படிகளும் தெரியும்படி தேய்த்து, நிறமற்ற வார்னிஷ் பூசினோம். இது மகளின் யோசனை.

பதிவு 2014இலேயே காலாவதியாகியிருந்தது. 2022 ஏப்ரல் முதல் பழைய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. அதனுடன் தாமதக் கட்டணம், பசுமை வரி, தகுதிச் சோதனை எல்லாம் முடிந்து 2023 ஏப்ரலில் ஐந்தாண்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

பின்விளைவுகள்

முதல் ஆறு மாதம் வண்டி சொன்னபடி ஓடியது. தாயார் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

2023 அக்டோபரில், விடாமல் மழை பெய்த ஒரு மாலையில், மருத்துவரைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து திரும்பும் வழியில், தக்கலையைத் தாண்டிச் சாலையில் தேங்கிய நீரில் வண்டி இறங்கி ஏறியது. அடுத்த இறக்கத்தில் இளையவர் பிரேக்கை மிதித்தபோது மிதி கெட்டியாக இருந்தது, வண்டி மட்டும் நிற்கவில்லை. டிரம்முக்குள் புகுந்த நீர் லைனிங்கை வழுக்கச் செய்துவிட்டது. கைபிரேக்கையும் இழுத்து, கியரைக் குறைத்து, முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. அன்றிரவு என்னிடம் தொலைபேசியில் பேசும்போது அவர் குரலை உயர்த்தவில்லை. “அம்மா முன்சீட்டுல இருந்தாங்க அண்ணே” என்று மட்டும் சொன்னார்.

ஈரமான டிரம்மை மெதுவாக மிதித்துக்கொண்டே ஓட்டி உலர்த்த வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களுக்குக் கைவந்த பழக்கம். இளையவருக்கு அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்திருந்தாலும், ஆண்டில் பாதி நாள் நனைந்த சாலையில், முன்னிருக்கையில் முதியவருடன் ஓடும் வண்டிக்கு அந்தப் பழக்கத்தை மட்டும் நம்பியிருக்கச் சொன்னது சரியான ஆலோசனை அல்ல. 2024 ஜனவரியில், அதே நிறுவனத்தின் பிந்தைய அம்பாசடரிலிருந்து முன்சக்கர டிஸ்க்கும் பூஸ்டரும் எடுத்துப் பொருத்தினோம். உடலில் வெட்டு எதுவும் விழவில்லை. கழற்றிய டிரம்கள் கிரீஸ் தடவி, டைனமோவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன.

2025இல் இன்னொன்று. காலையில் வண்டியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வருவதாகச் சொன்னார்கள். இன்ஜின் பக்கத்திலுள்ள பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) ஊதித் தளர்ந்திருந்தது. கார்ப்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தபோது மேல்தோல் நெடுகிலும் நுண்ணிய வெடிப்பு. இரண்டும் 2023இல் புதிதாகப் போட்டவை, ஆனால் பழைய வகை ரப்பர். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய வகை ரப்பர் அதைத் தாங்குவதில்லை. வால்வு இருக்கையில் பெட்ரோலின் மாற்றத்தைக் கணக்கில் எடுத்த நான், ஒரு முழ நீளக் குழாயில் அதை மறந்தேன். எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் குழாயும் டயாஃப்ரமும் மாற்றப்பட்டன. மாதம் ஒருமுறை அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து முகர்வது இளையவரின் வழக்கமாகியிருக்கிறது.

மாற்றிச் செய்யக்கூடியவை

முதல் கூட்டத்திலேயே வண்டியின் வாராந்திரப் பயணத்தை எழுதி வாங்கியிருக்க வேண்டும்: யார், எங்கே உட்கார்ந்து, எந்தச் சாலையில், எந்த மாதங்களில். அந்தத் தாள் கையில் இருந்திருந்தால் பிரேக் பற்றிய முடிவை 2022இலேயே வேறுவிதமாக எடுத்திருப்பேன். இன்ஜினையும் நிறத்தையும் பற்றி ஒரு மாதம் விவாதித்த நாங்கள், பிரேக்குக்குப் பத்து நிமிடமும் ஒதுக்கவில்லை. பார்வைக்குத் தெரியும் பாகங்களுக்கே விவாதத்தில் இடம் கிடைத்தது.

எரிபொருள் வழியிலுள்ள ரப்பர் அனைத்தையும் தனிப் பட்டியலிட்டு ஒரே தடவையில் மாற்றியிருக்க வேண்டும். கொட்டகையில் அமிலக் கேன்களை இடம் மாற்றச் சொன்னது வேலை முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான். அதுவும் முதல் நாளே செய்ய வேண்டியது. படுதாவுக்குப் பதில் இப்போது காற்றுப் புகும் பருத்தித் துணி போடப்படுகிறது.

2025 ஆகஸ்டில் 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாயாக்கப்பட்டிருப்பதால், 2028இல் குடும்பம் இந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். தாயாரின் பயணம் நின்றுவிட்டால் ‘விஏ’ பதிவுக்கு விண்ணப்பிப்பது அப்போது பொருத்தமாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வேண்டியிருந்தால் மாட்டுவதற்கு மரப்பெட்டியில் டிரம்களும் டைனமோவும் உள்ளன.

மூத்தவர் 2024 ஏப்ரலில் வந்தபோது நாகர்கோவில்வரை ஓட்டிப் பார்த்தார். வியர்வையில் நனைந்த சட்டையுடன் இறங்கி, தந்தையின் விசிறியை ஒருமுறை கையால் சுற்றிவிட்டு, ஏசியைப் பற்றி மீண்டும் கேட்டார். என் பதில் மாறவில்லை. அவருடைய கேள்வியும் மாறவில்லை.